கோர்ட் மாறிய வருடம்

எங்கள் வேலையில் போகிறவர்கள் பிள்ளைகள்தான். ஜூன் மாதம் மிரண்ட முகத்தோடு வருவார்கள். மூன்றாம் வருடம் ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பிள்ளைக்கு ஜம்ப் ஸ்டாப் பிசகில்லாமல் வந்து, எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்துத் தடுக்கத் தெரிந்து, பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பது மனசுக்குள் ஓட ஆரம்பிக்கும்போது அவள் கையில் டி.சி.யைக் கொடுத்துவிடுவார்கள். நாம் மட்டும் அதே கோர்ட்டில், அதே விசிலோடு நின்று, அடுத்த ஜூனில் மறுபடியும் செஸ்ட் பாஸிலிருந்து தொடங்குவோம். பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து சொல்லித்தருகிற எல்லோருக்கும் இது பழகிய வலி. பிள்ளைகள் அங்கேயே இருக்க, நான் கிளம்பிப்போன வருடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு எனக்கு எந்தப் பழக்கமும் இருக்கவில்லை.

திருச்சி நகரத்துக்குள், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பிள்ளைகளுக்கு 'பி.டி. மேம்'. ஸ்ரீரங்கத்திலிருந்தும் உறையூரிலிருந்தும் வரும் பிள்ளைகள், விடுதியில் தங்கிய வெளியூர்ப் பிள்ளைகள் என்று அணி எப்போதும் நிறைந்திருந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் எங்களைப் பார்த்தால் எதிரணி கொஞ்சம் யோசிக்கும். அந்த நிலையில்தான் திருவெறும்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதே பதவி காலியானது. நான் பிறந்து வளர்ந்த ஊர். அப்பா பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவால் தனியாகப் படி ஏறி இறங்க முடியவில்லை. விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது.

அந்தக் கல்லூரியில் கூடைப்பந்து அணி பெயரளவில்தான் இருந்தது.

செய்தி தெரிந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்டது, "நாங்களும் வரலாமா மேம்?" என்றுதான். கேட்டவர்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிச் செய்திகளையெல்லாம் செல்போனில் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தில் 21 வருடம் இருந்து மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்த கிம் மல்கி, 2021இல் தன் சொந்த மாநிலமான லூசியானாவுக்குப் போய், 2023இல் அங்கேயும் பட்டம் வென்றார். டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் தென் கரோலினாவுக்குப் போன டான் ஸ்டேலி, அங்கே 2017, 2022, 2024 என்று மூன்று முறை கோப்பை வாங்கினார். பயிற்சியாளர் மாறினால் வீராங்கனைகளும் மாறுவதற்கு அங்கே வழி இருக்கிறது. 2018 முதல், கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயரைப் பதிந்துவைக்க ஒரு பட்டியல் உண்டு. 2021இல், முதல் தடவை மாறுகிறவர் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்கத் தேவையில்லை என்றும் ஆக்கிவிட்டார்கள்.

நம் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கட்டணச் சலுகையோடு சேர்ந்திருப்பாள். விடுதி இடமும் அதை நம்பித்தான். நடுவில் கல்லூரி மாறினால் பாடத்திட்டம் இடிக்கும், சலுகை போகும், வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். விதியெல்லாம் இடம் கொடுத்திருந்தாலும் நான் யாரையும் அழைத்துப் போயிருக்க மாட்டேன். ஓர் அணியிலிருந்து நல்ல ஆட்டக்காரிகள் நாலு பேரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் ஐந்து பேராகக் கூடி நிற்க மாட்டார்கள். ஒரு கல்லூரி இரண்டு வருடம் அணி அனுப்பாமல் இருந்தால் பந்து வைக்கும் அறைக்குப் பூட்டுப் போட்டு, தேர்வு விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவிடுவார்கள். அதைத் திரும்பத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அணி அந்தக் கல்லூரியுடையது. அடுத்த வருடம் பிளஸ் டூ முடித்து, அக்காக்கள் ஆடுவதைப் பார்த்து அங்கே சேரப்போகும் பிள்ளையுடையது. வளர்த்தேன் என்பதற்காக என்னுடையது ஆகிவிடாது. "உங்க காலேஜ் பேரு முதுகுல எழுதியிருக்கு, என் பேரு இல்லடா கண்ணுங்களா" என்று சொன்னேன். ரெண்டு பேர் அழுதார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி மாதங்களில் பயிற்சியின் போக்கை மாற்றினேன். விசிலை இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். டைம் அவுட் எப்போது கேட்பது, யாரை வெளியே எடுப்பது, மூன்று ஃபவுல் வாங்கிய பெண்ணை இரண்டாவது குவார்ட்டரில் உட்காரவைப்பதா, ஆடவிடுவதா எல்லாம் அவர்களே முடிவெடுக்கட்டும் என்று. எனக்கு அடுத்து வருகிறவருக்காக ஒரு நோட்டும் எழுதிவைத்தேன். அதில் ஆட்டத் திட்டம் ஒன்றுகூட இல்லை. வருகிறவருக்கு அவருடைய திட்டம் இருக்கும். யாருக்கு எந்தக் கணுக்கால் இரண்டு முறை மடங்கியது, யார் காலையில் வெறும் டீயோடு வருகிறாள், யாரைச் சத்தம் போட்டால் ஆட்டம் மேலும் கெடும், யாரைச் சத்தம் போட்டால்தான் எழுந்து ஆடுவாள், யார் வீட்டில் அப்பாவிடம் பேசக்கூடாது, பாட்டியிடம் பேச வேண்டும் என்பதையெல்லாம் எழுதினேன். எழுதக்கூடாத விஷயங்களும் ஒரு கோச்சுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை அந்தந்தப் பிள்ளையிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்னதை மட்டும் வாயால் சொன்னேன். பதவி மாறும்போது ஃபைலும் ஸ்டாக் ரிஜிஸ்டரும் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்த நோட்டைக் கேட்க விதி இல்லை. எல்லா உடற்கல்வி இயக்குநரும் ஒன்று எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

புதுக் கல்லூரியில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதும் டேப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். புது இடத்துக்குப் போகும் எந்தக் கோச்சும் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். வளையத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருந்தது. மறுபக்கம் எட்டு சென்டிமீட்டர் குறைவு. வளையம் இறங்கவில்லை, தரைதான் ஏறியிருந்தது. அந்தப் பாதியில் வெடிப்பு விட்ட சிமெண்டின் மேலேயே புதுசாக ஒரு தளம் போட்டிருக்கிறார்கள், கம்பத்தை யாரும் நினைக்கவில்லை. வெளிச்சிமெண்ட் கோர்ட் உள்ள பல இடங்களில் இப்படி இருக்கும். ஒரு முனையில் பழகிய கை மறுமுனையில் தப்பும், பிள்ளை தன்னைத்தான் நொந்துகொள்வாள்.

கோடுகளும் பழையவை. ஃப்ரீ த்ரோ பகுதி கீழே அகன்று மேலே குறுகி, சரிவகம் மாதிரி கிடந்தது. அதை 2010இல் உலக அளவிலேயே நேரான செவ்வகமாக மாற்றி 4.9 மீட்டர் அகலம் ஆக்கிவிட்டார்கள். அதே வருடம் மூன்று புள்ளிக் கோடும் 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளிப்போனது. இங்கே பழைய கோட்டிலிருந்து போட்டுப் பழகும் பெண், போட்டியில் அரை மீட்டர் பின்னால் நின்று போட வேண்டியிருக்கும். அந்த அரை மீட்டருக்குத் தோள் மட்டும் போதாது, முழங்கால் மடங்கி எழும் விசை வேண்டும். பந்து அறையைத் திறந்தால் இருந்தவை எல்லாம் ஏழாம் நம்பர் பந்துகள். பெண்கள் ஆட்டத்துக்கு ஆறாம் நம்பர். எடை ஆண்களின் பந்தைவிடக் குறைவு. பெண்கள் கல்லூரிக்கு ஆண்கள் பந்தை வாங்கி வைத்திருந்தார்கள். கொட்டேஷனில் 'கூடைப்பந்து' என்று மட்டும் எழுதினால் கடையில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். அளவையும் சேர்த்து எழுத வேண்டும்.

கோடுகளை நானும் பிள்ளைகளும் நூல் பிடித்து, சாக்பீஸில் வரைந்து, பெயிண்ட் அடித்தோம். வளையத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வேறு ஊராக இருந்தால் பொதுப்பணித் துறைக்கு எழுதி, மதிப்பீடு வாங்கி, வருடம் ஓடியிருக்கும். திருவெறும்பூரில் வெல்டிங் தெரிந்தவருக்குப் பஞ்சம் கிடையாது. 1960களில் பெல் கொதிகலன் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்த நாளிலிருந்து இந்த ஊரின் கைத்தொழிலே இரும்பை இரும்போடு சேர்ப்பதுதான். வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் இங்கே இருக்கிறது. துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் கொதிகலன் உதிரிகள் செய்யும் சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசையாக நிற்கும். என்னிடம் புதிதாக வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்பா வெல்டர், அல்லது ஃபிட்டர், அல்லது கிரைண்டிங்.

அப்படி ஒரு தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை தன் மெஷினைத் தானே ஏற்றிக்கொண்டு வந்தார். போர்டைக் கழற்றி இறக்கி, ஃபிரேமுக்கு அடியில் ஆங்கிள் துண்டுகள் வைத்து ஏற்றுவது என்று முடிவு செய்தார். "எவ்ளோ ஏத்தணும் மேடம்?" என்றார். எட்டு சென்டிமீட்டர் என்றேன். "கரெக்டா எட்டா, சுமாரா எட்டா? எங்க வேலையில மில்லிமீட்டர்ல கேப்பாங்க" என்றார். நான் மறுபடி அளந்து மில்லிமீட்டரில் சொன்னேன். வேலை முடிந்ததும் அவரே ஏணியில் நின்று மட்டப்பலகை வைத்து, போர்டு நேராக நிற்கிறதா, வளையம் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்தார். வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து அதில் பாதியைவிடச் சற்றே பெரிது என்று சொன்னபோது, "அப்ப இவ்ளோ இடம் இருந்தும் ஏன் மேடம் வெளிய போகுது?" என்று உண்மையாகவே கேட்டார். பந்தின் வளைவைப் பற்றிச் சொன்னேன். தட்டையாக வரும் பந்துக்கு அந்த வாய் குறுகலாகத் தெரியும், உயரத்திலிருந்து இறங்கும் பந்துக்கு முழுதாகத் திறந்திருக்கும் என்று கையால் காட்டினேன். புரிந்துகொண்டார். அதைக் கல்லூரியில் பலருக்கு நான் இன்னும் புரியவைக்கவில்லை.

அதே மனிதர்தான் அடுத்த வாரம் கேட் அருகே பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். "மேடம், புள்ள நல்லா ஆடுதுன்னு சொல்றாங்க, சந்தோஷம். ஆனா பயிற்சி முடிஞ்சு காட்டூர்ல எறங்குறதுக்குள்ள இருட்டிடுது. மெயின் ரோட்டுல இருந்து உள்ள நடக்கணும், லைட் கெடையாது. பொம்பளப் புள்ள. கோச்சுக்காதீங்க, நிப்பாட்டிக்கிறேன்."

"நிப்பாட்டாதீங்கண்ணே. நேரத்த நான் மாத்துறேன்" என்றேன்.

நகரத்தில் இருந்தவரை இந்தப் பிரச்சினை எனக்கு இவ்வளவு நெருக்கமாக வந்ததில்லை. விடுதிப் பிள்ளைகள் அதிகம், நேரம் என் கையில். இங்கே விடுதி சின்னது. ஒருத்தி பூதலூரிலிருந்து தஞ்சாவூர் பாசஞ்சரில் வருகிறாள். சாயங்கால ரயிலை விட்டால் அவளுக்கு வீடு போக நேரமாகிவிடும். இரண்டு பேர் துவாக்குடி தாண்டி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, பஸ் காசுக்காகப் பயிற்சியை விடுகிறவர்கள் இல்லை. அது சின்ன விஷயம் இல்லை, கூடைப்பந்துக்கே அது எவ்வளவு செய்திருக்கிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள இருட்டுக்கு அதில் பதில் இல்லை. ஆகவே பயிற்சியைக் காலை ஆறரைக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் வர முடிந்த நாட்களில் முழு அணி ஆட்டம். மற்ற நாட்களில் காலையில் ஒரு பகுதி, கடைசிப் பீரியடுக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும் வரை ஒரு பகுதி. மார்கழியில் சிமெண்டில் பனி படிந்து வழுக்கும். அப்போது ஓட்டத்தை விட்டுவிட்டு நின்ற இடத்தில் ஷூட்டிங் மட்டும். ஒரு கோச் தன் பயிற்சி அட்டவணையை எழுதுவதற்கு முன்னால் பேருந்து அட்டவணையையும் சூரியன் மறையும் நேரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சிப் படிப்பில் இது வராது. பெண்கள் அணிக்கு இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

உடை விஷயத்திலும் பேச வேண்டியிருந்தது. அரைக்கால் சட்டை வேண்டாம் என்று சில வீடுகளில் சொன்னார்கள். உள்ளே முழுக்கால் டைட்ஸ் போடலாம், அணியில் போடுகிற எல்லாரும் ஒரே நிறத்தில் போட்டால் விதி தடுக்காது என்று எடுத்துச் சொன்னேன். தலையை மூடி ஆட விரும்பிய பிள்ளை ஒருத்தி இருந்தாள். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் அதற்கு இருந்த தடையை 2017இல் நீக்கிவிட்டது. இந்த இரண்டு விதிகளும் தெரிந்திருந்ததால் இரண்டு பிள்ளைகள் அணியில் நின்றார்கள். விதிப்புத்தகத்தை ரெஃப்ரீயிடம் வாதாட மட்டும் படிக்கக்கூடாது.

பெண்கள் கூடைப்பந்தின் கதையே இப்படி உடையும் தடையுமாகத்தான் தொடங்கியது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். சில மாதங்களிலேயே, பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்கு எடுத்துக்கொண்டார். கோர்ட்டை மூன்றாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியைத் தாண்டக்கூடாது, பந்தைப் பறிக்கக்கூடாது என்றெல்லாம் விதி வைத்தார். பெண்ணுக்கு மூச்சு வாங்கக்கூடாது என்று நினைத்த காலம். அதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த வேலிகளைப் போட்டதால்தான் அன்றைய கல்லூரிகள் பெண்களைக் கோர்ட்டுக்குள்ளேயே விட்டன. வேலியைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து வர 1976 ஆயிற்று. நம் பக்கத்தில் இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பரவியது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் அதை ஊர் ஊராகப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

இனி உடம்பைப் பற்றி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

புது அணியில் முதல் மாதம் ஓடவைத்தபோது பிள்ளைகள் சீக்கிரம் வெளுத்தார்கள். சோம்பல் என்று நினைக்கிற கோச்சுகள் இருக்கிறார்கள். நான் அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்கவைத்தேன். 12க்கு மேல் இருக்க வேண்டியது பலருக்குக் கீழே இருந்தது. அதில் வியப்பில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதற்கும் 57 சதவீதம். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க ஆளில்லாத பெண்ணிடம் நாலு குவார்ட்டரும் ஓடி ஆடச் சொல்வது கொடுமை. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் ஏறவிடாது. எலுமிச்சைச் சாறோடு எடுக்கச் சொன்னேன். வீட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, முடிந்தவர்களுக்கு ஈரல். மாதவிலக்கு நாட்களை வெட்கப்படாமல் என்னிடம் சொல்லலாம், அந்த நாளில் என்ன செய்ய முடியும் என்பதை அவளே முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவைத்தேன். ஓரிரு மாதத்தில் முகத்தில் நிறம் வந்தது. ஆட்டமும் அப்போதுதான் வந்தது. நான் அதுவரை எந்தத் திட்டமும் கற்றுத்தரவில்லை.

அடுத்தது முழங்கால். குதித்து இறங்கி, திசை மாறி ஓடும் ஆட்டங்களில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அறுந்தால் அறுவை சிகிச்சை, ஒன்பது மாதம், ஒரு வருடம். மூன்று வருடமே ஆடுகிற கல்லூரிப் பிள்ளைக்கு அதோடு ஆட்டம் முடிந்தது, பெரும்பாலும் வீட்டில் பிறகு விடமாட்டார்கள். அறுவதற்குக் காரணங்களில் ஒன்று, இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வது. இதைப் பழக்கத்தால் திருத்தலாம். ரீபவுண்டு எடுத்து இறங்குகிற சத்தத்தை நான் கேட்பேன். 'தொப்' என்று விழுந்தால் மறுபடி. முன்பாதம் முதலில், முழங்கால் மடங்கி, கால்விரலுக்கு நேராக, இடுப்பு பின்னால். சத்தமே வராமல் இறங்க வேண்டும். சிமெண்ட் தரை எதையும் மன்னிக்காது. ஆகவே ஒவ்வொரு பயிற்சியும் இந்த இறங்கும் பயிற்சியோடுதான் தொடங்கும். முதல் வாரங்களில், "மேம் பந்தே தர மாட்டேங்கிறாங்க" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பந்து பிறகு வரும்.

இவர்களில் உயரமான பிள்ளை கிடையாது. நகரத்து அணியில் எனக்கு நல்ல சென்டர் இருந்தாள், பந்தை உள்ளே கொடுத்தால் போதும். அந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. இருக்கும் பிள்ளைகள் காட்டூரிலும் துவாக்குடியிலும் கபடி, கோ-கோ ஆடி வளர்ந்தவர்கள். காலில் வேகம் உண்டு, பக்கவாட்டில் நகரத் தெரியும், விழுவதற்குப் பயமில்லை. ஆக, முழுக் கோர்ட்டிலும் நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் ஆட்டத்தை எடுத்தோம். எதிரணி எட்டு விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்த எட்டையும் அவர்களுக்கு நரகமாக்கினால், தாண்டிய பிறகு ஆற அமர ஆட அவர்களிடம் 24 விநாடியில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். கோ-கோவில் துரத்திப் பழகிய கால்களுக்கு இது உடனே பிடித்தது. முதலில் பாக்ஸ் அவுட் மட்டும் வரவில்லை. முதுகைக் கொடுத்து ஒருத்தியைத் தள்ளி நிறுத்துவது மரியாதையில்லாத காரியம் என்று அவர்களுக்குள் இருந்தது. "தள்ளுடி, தள்ளு, அவ உன் அத்த இல்ல" என்று கத்துவேன்.

பிள்ளைகளுக்கு அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்வேன். சென்னைப் பெண், தெற்கு ரயில்வேயில் வேலை. 2001லிருந்து 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்கு ஆடியவர், அணித்தலைவியாக இருந்தவர். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ. கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். ஆஸ்திரேலியாவில் போய் ஆடியவர், 2011இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர். இதையெல்லாம் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுவேன். ரயில்வே எடுப்பது வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களைத்தான், அதை மட்டும் நம்பிப் படிப்பை விடாதே, அரியர் வைக்காதே. ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்தேன் என்பதற்காக வகுப்பு நோட்டு தானாக நிறையாது. போட்டிக்குப் போய்வந்த பிள்ளைகளை லைப்ரரியில் உட்காரவைத்து, விட்ட பாடத்தை எழுதவைத்த பிறகுதான் அடுத்த பயிற்சி. பெரிய பெயர்களைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, பிழைப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

முதல் வருடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஃபிக்ஷர் போட்டார்கள். இரண்டாவது சுற்றில் என் பழைய கல்லூரி. வார்ம் அப்பின்போதே அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் புதுப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள். "அவங்களப் பத்தி எல்லாம் தெரியுமே மேம், யாரு எந்தக் கையி வீக்குன்னு சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. சொல்லவில்லை. அந்த அறிவு நம்பிக்கையில் கிடைத்தது, எதிர்த்து ஆடக் கொடுத்ததில்லை. அவர்கள் பந்தைக் கொண்டுவருவதைப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். கண்டுபிடித்தார்கள், இரண்டாவது குவார்ட்டரில்.

ஆனாலும் தோற்றோம். அந்த சென்டர் எங்கள் குட்டைப் பிள்ளைகளுக்கு மேலே பந்தை வாங்கி வாங்கிப் போட்டாள். நாங்கள் நெருக்கிப் பிடித்தபோது அவர்கள் முதலில் திணறினார்கள். உடனே, நான் விசிலைக் கொடுத்த பிள்ளை, அப்போது மூன்றாம் வருடம், தன் பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமலேயே, நடுவில் ஒருத்தியை ஓடவிட்டு என் பிரஸ்ஸைப் பிளந்தாள். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாதங்களில் அவளே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டது. புதுக் கோச்சம்மா அதற்கு மேல் எதிராளியின் வழியை மறிக்கும் ஒரு நல்ல ஸ்கிரீனையும் சேர்த்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய் அந்த ஸ்கிரீனைப் பற்றிக் கேட்டேன். ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். அது இப்போது எங்களிடமும் இருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பிள்ளைகள் பேசவில்லை. ஆட்டத்தில் விட்ட ஃப்ரீ த்ரோக்களை மட்டும் எண்ணிச் சொன்னேன், தோற்ற வித்தியாசத்தைவிட அவை அதிகம். அடுத்த நாள் காலையில் ஆறரைக்கு முன்பே நாலு பேர் வந்து ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டு வயதில் கூடைப்பந்தைத் தொடும் பிள்ளைக்கு மூன்று வருடத்தில் நான் தரக்கூடியது கொஞ்சம்தான். அதனால் சனிக்கிழமை காலைகளில் பக்கத்துப் பள்ளிகளின் பெண்பிள்ளைகளுக்குக் கோர்ட்டைத் திறந்துவிட முதல்வரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சொல்லித்தருவது என் கல்லூரிப் பிள்ளைகள், ஆளுக்கு மூன்று பிள்ளைகள் வீதம். சின்னவர்களுக்கு வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், பந்து ஐந்தாம் நம்பர். பெரிய வளையத்துக்கு எறிந்து எறிந்து தோளைக் கெடுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைத் திருத்துவதற்குள் எங்களுக்கு ஒரு வருடம் போய்விடுகிறது. குட்டை ஸ்டாண்டு இரண்டு செய்ய சிட்கோவில் விலை கேட்டிருக்கிறேன். பந்துக்குக் கொட்டேஷன் போயிருக்கிறது, அளவு எழுதித்தான்.